கனம் காக்காது, கட்டுதான் காக்கும்



நான் எழுத்தாளன் அல்லன். ஜொகூர் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஜாலான் புசார் வட்டாரப் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகள் லேத்து ஓட்டியவன். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை சொந்தமாக ஒரு பட்டறை வைக்கலாம். லேத்தோ மாவு மிஷினோ வாங்கலாம். அவனுக்கு உதவட்டும் என்றுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1979-ஆம் ஆண்டு. என் அக்காள் மகன் தொழில் பழகிக் குளுவாங்கில் சிறு பட்டறை வைக்க ஆசைப்பட்டான். இங்கே பழைய லேத்து ஒன்று விலைக்கு வந்தது. எடை ஒன்றரை டன். அக்காள் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் போதவில்லை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீ பார்த்து அனுப்பி வை தம்பி" என்று மட்டும் சொன்னார்.

லோரியில் ஏற்றிக் குறுக்கே இரண்டு கயிறு போட்டோம். "இன்னும் ரெண்டு சங்கிலி போடலாமாண்ணே?" என்று கேட்டார் லோரிக்காரர். எனக்கோ அவசரம். "இவ்வளவு கனம், எங்கே போய்விடப் போகுது?" என்றேன்.

ஜொகூர் பாலம் தாண்டி வெகுதூரம் போன பிறகு, ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. லோரிக்காரர் பிரேக்கை மிதித்தார். லேத்து முன்னால் நழுவி, சரிந்து, தரையில் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பது அக்காள் செய்த புண்ணியம். ஆனால் லேத்தின் தலைப்பகுதியில் விரிசல். மரை வெட்டும் நீளத் தண்டு வளைந்துபோயிற்று. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடையும். பற்றவைத்தாலும் பழைய நேர்த்தி வருவது அரிது.

அக்காள் என்னைத் திட்டவில்லை. இயந்திரத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

கனமான பொருள் நகராது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது தவறு. வண்டி நின்றாலும் சுமை ஓடத்தான் பார்க்கும். கனம் கூடக்கூட அந்தத் தள்ளலும் கூடும். கொள்கலனில் சரக்கு ஏற்றுவதற்கு உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2014-இல் வகுத்த நெறிமுறை, சாலையில் முன்பக்கம் எடையில் பத்தில் எட்டுப் பங்கு தள்ளும் என்று கணக்கிடச் சொல்கிறது. ஒன்றரை டன் லேத்துக்கு அது 1,200 கிலோ. கொந்தளிக்கும் கடலில் பக்கவாட்டிலும் அவ்வளவு தள்ளும். என் இரண்டு கயிறு எம்மாத்திரம்?

தஞ்சோங் பகாரில் 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' என்ற முதல் கொள்கலன் கப்பல் 300 பெட்டிகளோடு வந்தபோது, இனிச் சாமான் உடையாது என்று பேசிக்கொண்டோம். பெட்டி வெளியடியைத் தாங்கும். உள்ளே கட்டாமல் வைத்ததை அது என்ன செய்யும்?

ஆகவே இயந்திரம் அனுப்புவோர் இவற்றைக் கவனியுங்கள். கழற்றக்கூடியதைக் கழற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். நகரும் பாகங்களை இறுக்கிப் பூட்டுங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, பளபளக்கும் பரப்புகளில் கிரீஸ் தடவி எண்ணெய்த்தாள் சுற்றுங்கள். கால்களைத் தடித்த கட்டைகளில் போல்ட் போட்டு முடுக்குங்கள், ஆணி போதாது. லேத்தின் தலைப்பக்கம்தான் கனம். இரண்டு அங்குலம் தூக்கி, சாய்கிறதா என்று பார்த்த பிறகே மேலே தூக்குங்கள். தூக்கும் பட்டை நீளத் தண்டில் படக்கூடாது. அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, நான்கு மூலையிலும் சங்கிலி கட்டுங்கள். கைப்பிடியிலும் தண்டிலும் கட்டாதீர்கள். சிறிது தூரம் போனதும் வண்டியை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

கப்பலில் போவதானால் பெட்டிக்குள் ஈரம் வேர்த்துச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். மரக்கட்டை, உள்ளே 56 டிகிரி வரை அரை மணி நேரம் சூடாக்கிப் பூச்சி போக்கிய முத்திரை உள்ளதாக இருக்கட்டும். முத்திரையில்லாத கட்டையைப் பல நாடுகள் ஏற்பதில்லை. 2016 ஜூலை முதல், சரக்கோடு சேர்த்துப் பெட்டியின் சரியான எடையைக் காட்டாமல் கப்பலில் ஏற்ற முடியாது. புகைப்படம் எடுத்துவையுங்கள், காப்புறுதியும் செய்யுங்கள்.

மூன்று ஆண்டுகள் மாதாமாதம் வெள்ளி சேர்த்து, 1982-இல் வேறொரு லேத்து வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை அடியில் ரப்பர் விரித்து, நான்கு மூலையிலும் சங்கிலி இழுத்து, நானும் லோரியிலேயே போனேன். குளுவாங்கில் அக்காள் வாசலிலேயே நின்றிருந்தார். இயந்திரத்தைப் பார்க்கவில்லை, நேரே லோரிக்கு அருகில் வந்து, சங்கிலியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"ம்... இறக்குங்க" என்றார்.

அந்த ரப்பர் விரிப்பு வெகுநாள் அவன் பட்டறையில் கிடந்தது. அக்காள் வெட்டிய பாலும் அதில் சேர்ந்திருந்ததோ என்னவோ!