மூங்கில் குப்பமும் மூன்று ஆஸ்பத்திரி ஊர்களும்

வெதுருகுப்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் எந்த டாக்டரிடம் போவது என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் போவது என்றுதான் யோசிக்கிறார்கள். வடக்கே திருப்பதி. தென்மேற்கே சித்தூர். அங்கிருந்து இன்னும் தெற்கே இறங்கி, மாநில எல்லையைத் தாண்டினால் வேலூர். சாதாரணக் காய்ச்சலுக்கு உள்ளூர், ஆபரேஷன் என்றால் திருப்பதி, யாருக்கும் பிடிபடாத வியாதி என்றால் வேலூர். இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக நடைமுறையில் இருக்கும் கணக்கு இது.

பெயருக்கு இது மூங்கில் ஊர். தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். 'குப்பம்' இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் சித்தூர் சீமையில் இன்று வயிற்றைக் கழுவுவது மாமரம்தான். தமிழர்கள் கிளிமூக்கு என்று அழைக்கும் தோத்தாபுரி, இங்கிருந்து கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025 கோடையில் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஒரு டன் மாங்காய்க்கு 12,000 ரூபாய். அதில் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. அந்த வீட்டுக் குழந்தை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. இங்கே உடம்பும் பொருளாதாரமும் ஒரே பையில் இருக்கின்றன.

நோயாளிகள் மதிக்காத எல்லைக்கோட்டை அரசியல் அடிக்கடி அழித்து எழுதியிருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்து பெரும் பகுதியைப் பிய்த்துச் சித்தூர் மாவட்டத்தை 1911ல் வெள்ளைக்காரர்கள் உருவாக்கினார்கள். 1953ல் அது ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. மற்றதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது, தமிழும் தெலுங்குமாக.

இந்தச் சீமையில் மருத்துவ ஆராய்ச்சி புதிதல்ல. மேற்கே மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரத்தில், மிஷனரிகள் 1910களில் தொடங்கிய காசநோய் சானடோரியம் இருக்கிறது. டேனிஷ் டாக்டர் ஃப்ரிமோட் மோலர் அங்கே படுக்கைகளை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. 1950களில் சுற்றுக் கிராமங்களில் யாருக்கெல்லாம் நோய் இருக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். இந்தியாவில் பி.சி.ஜி. ஊசியின் ஆரம்ப முயற்சிகளும் இங்கேதான் நடந்தன. வேடிக்கை என்னவென்றால், சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்ததும் ஒரு கூட்டு ஆராய்ச்சிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956ல் சென்னையில் ஒரு மையத்தைத் திறந்தன. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959ல் அது காட்டியது. குடும்பத் தலைவர் ஓராண்டு வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்பதே அதன் அர்த்தம். ஏழை வீட்டுக்கு அதைவிடப் பெரிய பொருளாதாரத் திட்டம் இருக்க முடியாது.

அதே பாணியில், இன்னும் நெருக்கத்தில் நடந்தது வேலூர்க் கதை. ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சிகிச்சை இடம், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து ஊரையே மாற்றிவிட்டது. காந்தி ரோட்டு லாட்ஜுகளில் இன்று வங்காளிப் பெயர்ப் பலகை தென்படுகிறது. ஆனால் பெரிய வேலை நடந்தது இந்த ரோட்டில் அல்ல, பீடி சுற்றும் குடும்பங்கள் வாழும் வேலூர்க் குடிசைப் பகுதிகளில். 2002லிருந்து அங்கே பிறந்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். வாராவாரம் வீட்டுக்குப் போவார்கள், மல மாதிரி சேகரிப்பார்கள். மூன்று ஆண்டும் முழுக்கத் தொடர்ந்தவை 373 குழந்தைகள். தேடியது ரோட்டா வைரஸை, அதாவது கைக்குழந்தைகளை வாந்தி பேதியில் ஒரே நாளில் வற்றவைக்கும் கிருமியை.

அதன் விலை எவ்வளவு? தடுப்பு மருந்து வருவதற்கு முன், ஆண்டுக்குச் சுமார் 78,000 இந்தியக் குழந்தைகள் இந்தக் கிருமியால் இறந்தன, 8.7 லட்சம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டன, சிகிச்சைச் செலவு 1,000 கோடி ரூபாயைத் தாண்டியது என்று 2014ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

மருந்தின் மூலம் கிடைத்தது டெல்லியில். 1980களில் எய்ம்ஸில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர், நோய் தராத ஒரு ரோட்டா வைரஸ் ரகத்தைப் பச்சைக் குழந்தைகளிடம் கண்டுபிடித்தார்கள். அதை மருந்தாக்கியது ஹைதராபாத்தின் பாரத் பயோடெக். (1996ல் அதைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா பிறந்தது திருத்தணிப் பக்கம். எல்லைக்கோடு இங்கேயும் சிரிக்கிறது.) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க நிறுவனங்களும் கைகொடுத்தன. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. வேலூர்ப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் ககன்தீப் காங். கடுமையான ரோட்டா பேதியை முதல் ஆண்டில் பாதிக்கும் சற்று அதிகமாகத் தடுக்கிறது என்பது முடிவு. பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தவணை 54 ரூபாய், அதாவது ஒரு டாலர், என்று 2013ல் அறிவித்த விலை வெளிநாட்டு மருந்துகளை வெட்கப்படவைத்தது.

கேள்விகளும் எழுந்தன. குடல் செருகல் என்ற அபூர்வமான பக்கவிளைவு பற்றி, மூன்று மையங்களின் கணக்கையும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று கோர்ட் வரை போனார்கள். கேட்டதில் தவறில்லை. ஏழைக் குழந்தைகளிடம் செய்த சோதனைக்குக் கணக்குக் காட்டுவது கடமை. பின்னர் 27 ஆஸ்பத்திரிகளில் கண்காணித்து 2020ல் வெளியான ஆய்வில், தடுப்பு மருந்தால் அந்த ஆபத்து கூடவில்லை என்று தெரிந்தது.

2016 மார்ச்சில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இதை முதலில் பெற்ற நான்கு மாநிலங்களில் ஆந்திரா ஒன்று. தமிழகத்துக்கு 2017ல்தான் வந்தது. வேலூர்க் குழந்தைகள் உதவியதன் பலன் வெதுருகுப்பம் குழந்தைகளுக்கு முதலில் கிடைத்தது.

ஆனால் தொழில் விஷயத்தில் பங்கீடு வேறு மாதிரி. மருந்து தயாரிக்கும் வேலைகள் ஹைதராபாத்துக்கு, லாட்ஜ் வருமானம் வேலூருக்கு. நடுவில் உள்ள மாந்தோப்பு ஊர்களுக்கு இப்போதுதான் வரிசை வருகிறது. திருப்பதியில் 1960லிருந்து வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி. 1993லிருந்து தேவஸ்தானத்தின் ஆதரவோடு ஸ்விம்ஸ். 2015ல் வந்த ஐ.ஐ.டி.யும் ஐசரும், 2021ல் குழந்தைகள் இதய மருத்துவமனை, 2022ல் டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் மையம். சித்தூரை அடுத்த குடிபாலாவில் வேலூர்க் கல்லூரியே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. சித்தூருக்கு அருகே அரகொண்டா, அப்பல்லோ பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். 2000ல் கிளிண்டன் தொடங்கிவைத்த தொலைமருத்துவத் தொடர்பு அங்கேதான்.

ஒரு நாள் பயணத்தில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் இத்தனை நிறுவனங்கள். உண்டியல் பணமும் இருக்கிறது, ஐ.ஐ.டி. மூளையும் இருக்கிறது, நோயாளிகளுக்கும் பஞ்சமில்லை. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோபுரமாக நின்றால் ஆஸ்பத்திரி ஊர்கள் மட்டும் பெருகும். டெல்லி-புனே-வேலூர்-ஹைதராபாத் போலச் சேர்ந்து உழைத்தால், அடுத்த மருந்தின் பரிசோதனைக்கூடத்தில் சித்தூர்ப் பெண்களுக்கும் வேலை இருக்கும். மாங்கூழ் ஆலையின் சீசன் கூலி போல அது இரண்டு மாதத்தில் முடிந்துவிடாது.

இப்போதைக்கு வெதுருகுப்பத்துக்குக் கிடைத்திருப்பது, பிறந்த ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களில் நாக்கில் விடும் சில சொட்டுகள். அதற்காகத் திருப்பதிக்கோ வேலூருக்கோ பஸ் பிடிக்க வேண்டியதில்லை.