வேட்டை பூட்ஸும் வீக்கான கணுக்காலும்

மான் கறிக் குழம்பு செய்முறை தேடி இங்கே வந்து விழுந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் போன செப்டம்பரிலிருந்து என் காலில் இருப்பது வேட்டைக்காரர்கள் போடும் பூட்ஸ். அது ஏன், அதனால் கால் தேறியதா என்பதுதான் இன்றைய விஷயம். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் படிப்பது வனவியல். பென்சில்வேனியாவின் நடுப்பகுதி மலைகளில் ஓக் மரங்களை அளப்பது என் வேலை. மலை என்றதும் ஊட்டியைக் கற்பனை செய்யாதீர்கள். உயரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் சரிவு முழுக்க உடைந்த மணற்கற்கள், டிவி பெட்டி சைஸில். அதன் மேலே இலையுதிர் காலத்தில் சருகு மெத்தை போட்டு மூடிவிடும். கல் எங்கே, இடுக்கு எங்கே என்று தெரியாது. சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலேச்சியன் நடைபாதை இந்த மாநிலம் வழியாகத்தான் போகிறது. அதில் நடப்பவர்கள் இதற்கு 'ராக்ஸில்வேனியா' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படிக் கல் குவிந்த சரிவுக்கு ஆங்கிலத்தில் 'டேலஸ்' என்று பெயர். கணுக்கால் மூட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் எலும்புக்கும் அதே பெயர்தான். யார் செய்த கிண்டலோ தெரியவில்லை.

என் இடது கணுக்காலின் வரலாறு இது. பிளஸ் ஒன்னில் கபடி ஆடும்போது முதல் தடவை மடங்கியது. ஊரில் ஒரு தாத்தா நல்லெண்ணெய் போட்டு உருவி, துணியால் இறுக்கிக் கட்டி, "நரம்பு பிசகியிருக்கு, மூணு நாள்ல சரியாயிடும்" என்றார். வீக்கம் வற்றியது. இரண்டாவது தடவை, ஹாஸ்டல் படிக்கட்டில். மூன்றாவது தடவைதான் என்னை யோசிக்க வைத்தது. நூலகத்துக்கு முன்னால், சமதரையில், கீழே கல்லும் இல்லை குழியும் இல்லை, கால் தானாகவே உள்பக்கம் மடங்கிக்கொண்டது.

இதில் போவது கணுக்கால் மட்டும் இல்லை. நாங்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் காட்டுக்குப் போகிறோம். அளக்க வேண்டிய இடங்களில் சில, ரோட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே. செல்போன் சிக்னல் கிடையாது. அங்கே கால் போனால் கூட வந்தவர்தான் என்னைச் சுமக்க வேண்டும். பேராசிரியர் தன்மையாகத்தான் கேட்டார்: "நீ ஆய்வகத்திலேயே இருந்து மாதிரிகளைப் பார்த்துக்கொள்கிறாயா?" அக்கறையில் கேட்டதுதான். ஆனால் காட்டுக்குப் போகாத வனவியல் மாணவர் என்றால், தண்ணீரில் இறங்காத நீச்சல்காரர் மாதிரி. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பயந்து பயந்து, நாள் முழுக்கத் தரையைப் பார்த்தே நடப்பேன். மரத்தைப் படிக்க வந்துவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்க்க முடியாத நிலை.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் உள்ளூர்க்காரர். பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவோடு வேட்டைக்குப் போகிறவர். இந்த மாநிலத்தில் மான் வேட்டை ஒரு திருவிழா மாதிரி. 2018 வரை நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அன்றைக்குப் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். 2019 முதல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் நல்ல பூட்ஸ் வேண்டுமென்றால் வேட்டைக் கடைக்குத்தான் போக வேண்டும். அவர்தான் என்னை அழைத்துப் போனார்.

கடைச் சுவர் முழுக்க பூட்ஸ். அவர் அதை மூன்று ஜாதியாகப் பிரித்துக் காட்டினார். முதல் ஜாதி, முழுக்க ரப்பர். நம்ம ஊர் கம்பூட்ஸ்தான். சதுப்பில் நடக்கலாம், மனித வாடை மானுக்கு எட்டாது என்று நம்புகிறார்கள். லேஸ் கிடையாது, அதனால் உள்ளே கால் ஆடும். என் கணுக்காலுக்கு ஆகாது. இரண்டாவது ஜாதி, கீழே ரப்பர், மேலே தோல். பனியில் மரத்து மேல் பரண் போட்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவர்களுக்கு. மூன்றாவது ஜாதி, முழு நீளம் லேஸ் போட்டுக் கட்டும் மலை பூட்ஸ். அடிப்பாகம் விறைப்பாக இருக்கும்.

இரண்டாவது ஜாதிக்கு ஒரு சுவையான கதை உண்டு. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியான் லியன்வுட் பீன் என்பவர் வேட்டைக்குப் போய்விட்டு ஈரக் காலோடு திரும்பியிருக்கிறார். ரப்பர் அடிப்பாகத்தில் தோலை வைத்துத் தைத்து, 1912-ல் தபால் மூலம் விற்க ஆரம்பித்தார். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 திரும்பி வந்துவிட்டது. தோலும் ரப்பரும் சேரும் இடத்தில் பிரிந்துகொண்டது. அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, திருத்திச் செய்தார். எல்.எல்.பீன் என்ற பெரிய கம்பெனி அப்படி வந்ததுதான். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த பூட்ஸ் பிறந்ததே ஈரத்துக்காக. கணுக்காலைக் காப்பாற்ற என்று யாரும் அதைச் செய்யவில்லை.

தேர்ந்தெடுக்கும்போது அவர் பார்க்கச் சொன்னவை இவை. யார் மலை ஏறப் போனாலும் உதவும்:

சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். காட்டில் போடப்போகும் அதே தடித்த கம்பளி சாக்ஸைப் போட்டுப் பாருங்கள்.

லேஸ் கட்டுவதற்கு முன் விரலை முன்பக்கம் முட்டும்படி தள்ளி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு கடையிலிருக்கும் சாய்வுப் பலகையில் இறங்கிப் பாருங்கள். கால்விரல் முன்னால் இடிக்கக் கூடாது. ஏறும்போது குதிகால் உள்ளே தூக்கக் கூடாது.

பூட்ஸைக் கையில் எடுத்து, ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் கல் சரிவுக்கு உதவாது. கல்லின் ஓரத்தில் பாதி அடி படும்போது அந்த விறைப்புதான் காலைச் சாய விடாமல் பிடிக்கிறது.

'400 கிராம்', '800 கிராம்' என்று ஒட்டியிருப்பது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்திருக்கும் குளிர்காப்புப் பஞ்சின் அளவு, சதுர மீட்டர் கணக்கில். உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வேண்டும். நடப்பவர்களுக்கு வியர்த்து, சாக்ஸ் நனைந்து, கொப்புளம்தான் மிச்சம். நான் பஞ்சே இல்லாததை எடுத்தேன்.

எடையையும் பாருங்கள். கனத்த பூட்ஸ் காலைச் சீக்கிரம் சோர வைக்கும். சோர்ந்த கால்தான் தடுமாறும்.

இதெல்லாம் பார்த்து, 8 அங்குல உயரத்தில் ஒரு தோல் பூட்ஸ் வாங்கினேன். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 'கணுக்காலுக்கு முழு ஆதரவு' என்று போட்டிருந்தது. பில் போடும் இடத்தில் இருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு என் நடையையும் பார்த்தார். "இது உன் காலை வெட்டாமல், நனையாமல் பார்த்துக்கொள்ளும். மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீ" என்றார். விற்கிறவரே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ரூமுக்கு வந்து நூலகத் தளத்தில் தோண்ட ஆரம்பித்தேன்.

பெரியவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 1993-ல் அமெரிக்காவில் 622 கல்லூரி கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு உயரமான ஷூ, தாழ்வான ஷூ என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கணுக்கால் காயத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. கூடைப்பந்து மரத்தரை வேறு, கல் சரிவு வேறு என்பது உண்மைதான். ஆனாலும் உயரம் மட்டுமே காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் அது ஓட்டை போடுகிறது. அதற்கு மாறாக, 1994-ல் வெளிவந்த ஆய்வில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் 1,601 மாணவர்களில் பாதிப் பேர் கணுக்காலைப் பக்கவாட்டில் பிடிக்கும் விறைப்பான பட்டை போட்டு ஆடினார்கள். அவர்களுக்குக் காயம் தெளிவாகக் குறைந்தது. ஆக, பிடிமானம் வேண்டுமென்றால் பூட்ஸுக்குள் ஒரு பட்டை போடுவது மேல். பட்டையைப் போட்டுப் பார்த்தபடியே பூட்ஸ் சைஸ் எடுக்க வேண்டும் என்பது இதன் உபரிப் பாடம்.

ஆனால் என் கேள்வி வேறு. சமதரையில் ஏன் மடங்கியது?

கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு, உள்பக்க எலும்பைவிடக் கீழே இறங்கியிருக்கும். தொட்டுப் பாருங்கள், தெரியும். அதனால் பாதம் வெளியே திரும்புவதைவிட உள்ளே மடங்குவது சுலபம். அப்போது இழுபடுவது வெளிப்பக்கத்து லிகமெண்ட்கள், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்கள். சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நார் கிழிவதைத்தான். 1965-ல் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்த நார் வெறும் கயிறு இல்லை; அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன; பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சேதி அனுப்புகிறவை அவைதான்; நார் கிழியும்போது அவையும் சேதமாகின்றன என்றார்கள். வீக்கம் வற்றிவிடும், ஆனால் சேதி சரியாகப் போகாது. தரையில் பாதம் படுவதற்கு முன்பே அது சாய்ந்திருப்பது மூளைக்குத் தெரியாது. தெரிந்து தசை இழுப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். பிற்கால ஆய்வுகள் இந்த விளக்கத்தில் நிறைய சேர்த்தும் திருத்தியும் இருக்கின்றன. ஆனால் அவர் சொன்ன மருந்து இன்றும் அப்படியே இருக்கிறது: ஆடும் பலகையில் நின்று சமநிலைப் பயிற்சி. "நரம்பு பிசகியிருக்கு" என்று தாத்தா சொன்னது ஒருவிதத்தில் சரிதான். மூன்று நாள் கணக்குதான் இடிக்கிறது.

நெதர்லாந்தில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. அப்போதுதான் சுளுக்கு வந்து போன 522 விளையாட்டுக்காரர்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும். அதில் 256 பேருக்கு மட்டும் கூடுதலாக, வீட்டிலேயே செய்யும் சமநிலைப் பயிற்சி: 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30 நிமிடம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் 56 பேருக்குத் திரும்பவும் சுளுக்கு. செய்யாத 266 பேரில் 89 பேருக்கு. அதிசயம் இல்லை. ஆனால் செலவே இல்லாத ஒன்றுக்கு இது பெரிய லாபம்.

நான் செய்தது இவ்வளவுதான்.

ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் வெறுந்தரையில் 30 நொடி. அது சுலபமானதும் தலையணை மேல். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, சுவர் கைக்கு எட்டும் தூரத்தில்.

ரப்பர் பட்டையை மேஜைக் காலில் கட்டி, பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கம் இழுப்பது. மடங்குவதைத் தடுக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக்கொள்ளலாம்.

படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்குவது. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில்.

கடைசி இரண்டு வாரம் சின்னச் சின்ன ஒற்றைக் கால் தாவல். வலி இருந்தால் கிடையாது.

முதல் வாரம் கண்ணை மூடி நின்றால் வலது கால் 20 நொடியைத் தாண்டும், இடது கால் 6 நொடியில் ஆடி விழும். அந்த 6 நொடிதான் என் வியாதியின் அளவு. வெளியே பார்க்க இரண்டு காலும் ஒரே மாதிரி. எட்டாவது வாரம் இடது கால் 19 நொடி நின்றது. அறைத்தோழன் கைதட்டினான். பரிசு எதுவும் கொடுக்கவில்லை.

நவம்பர் கடைசி வரை காட்டு வேலை நடந்தது. இரண்டு தடவை சருகுக்கடியில் கல் புரண்டு கால் சரிந்தது. இரண்டு தடவையும் யோசிக்கும் முன்பே கால் தானாக நிமிர்ந்துகொண்டது. பூட்ஸா, பயிற்சியா என்று கேட்டால், மலையில் நடந்ததைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு படி இறங்கும்போதும் இப்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. அங்கே பூட்ஸ் இல்லையே. காட்டிலும் நடுநடுவே நிமிர்ந்து நடக்கிறேன். ஓக் மரத்தின் உச்சி எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் டாக்டர் இல்லை, அதனால் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கால் மடங்கிய பிறகு நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தின் வெளி ஓரத்து எலும்பிலோ, உள்பக்க வளைவுக்கு மேலே உள்ள எலும்பிலோ அழுத்தினால் வலித்தால், உருவி விடப் போகாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள். 1992-ல் கனடாவின் ஒட்டாவா டாக்டர்கள் வகுத்த விதி இது. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே சொன்ன பயிற்சியெல்லாம்.

மற்றபடி, "எனக்கு அடிக்கடி கால் மடங்கும்டா, அது அப்படித்தான்" என்று சொல்லித் திரியும் நம்ம வகுப்புக் கூட்டத்துக்கு: பூட்ஸ் வாங்கக் காசு சேர்க்க வேண்டாம். நாளைக் காலையில் பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். எந்தக் கால் எத்தனை நொடி என்று எழுதி அனுப்புங்கள். என் 6 நொடியை யாராவது தோற்கடித்தால் ஊருக்கு வரும்போது பரோட்டா என் செலவு.