விரல் நுனியில் ஒரு மீஸான்

ரமளான் நெருங்குந்தோறும் நீரிழிவுற்ற பெரியவர்கள் நம்மிடம் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு: நோன்பு நோற்ற நிலையில் விரலைக் குத்திக் குருதி எடுத்தால் நோன்பு முறியுமா? ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் முறியாது என்பதே விடை. ஆயினும் அவ்வச்சத்தால் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோர் உளர். நாமும் அந்நோயினரே, ஆதலின் சில சொல்வோம்.

கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. சோதனைப் பட்டைகளோ தொடர்ந்து வேண்டுவன. அவை நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்குமா, எண்கள் மங்கிய கண்ணுக்கும் புலப்படுமா என்று பார்த்தே தேர்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமான அளவுகளில் ஆய்வகக் கணக்கினின்று 15 விழுக்காடு வரை விலகலை ஏற்கிறது. எனவே சிற்சில எண்கள் கூடினும் குறையினும் கலங்க வேண்டா.

கையைக் கழுவி, நன்குலர்த்திய பின்னரே குத்துக. பேரீச்சம்பழம் தொட்ட விரல் பொய்க்கணக்குச் சொல்லும். விரல் நுனியின் நடுவைவிட ஓரத்தில் வலி குறைவு.

நோன்பு நோற்கலாமா என்பதை ஷஃபானிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தெளிக. நோன்பிடையே டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விடுமாறு மருத்துவர் கூறுவர். மஃரிபுக்கு அரைமணியே உள்ளதெனப் பொறுத்திருத்தல் ஆகாது. மயக்கம் பாங்கோசைக்குக் காத்திராது. நோயாளிக்கு அல்பகரா அத்தியாயம் சலுகை வழங்கியிருக்க, அதனை மறுப்பது பக்தியன்று. உடல் அல்லாஹ் தந்த அமானிதம்; அதனை அளந்து காப்பதும் இபாதத்தே.