எர்த்

அப்பாவின் புல்லட் 1974-ஆம் ஆண்டு வண்டி. 346 சிசி. அதை உதைத்து எழுப்புவது ஏறக்குறைய ஒரு சடங்கு. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு அதை இன்னும் சற்றே கீழிறக்க வேண்டும். பிறகு லீவரை விட்டு, ஒரே உதை. பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும். வலது முழங்காலில் அறுவை நடந்தபின், அந்தச் சடங்கை மருத்துவர் தடை செய்துவிட்டார். வண்டி திண்ணையோரம் நின்றது. அப்பா நாள்தோறும் அதைத் துடைத்தார்.

ஸ்டார்ட்டர் பொருத்துவது என் யோசனை. ஆறு வோல்ட் அமைப்பைப் பன்னிரண்டாக மாற்றி, பின்னாளைய வண்டி ஒன்றின் மோட்டாரைத் தெரிந்த மெக்கானிக் பொருத்தித் தந்தார். வயரிங் மட்டும் என் பொறுப்பு. சட்டகத்துக்குக் கருப்பு வண்ணம் பூசியதும் நானே. கண்ணாடி போல் மின்னியது.

பொத்தானை அழுத்தினேன். ரிலேயில் 'டக்' என்றொரு ஓசை. அவ்வளவுதான்.

புது பேட்டரி வாங்கினேன். புது ரிலே வாங்கினேன். ரிலேயின் இரு தடித்த முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்த்தேன். ஒரு பொறி பறந்தது, மோட்டார் அசையவில்லை. மோட்டாரே பழுது என்று முடிவுகட்டி, மெக்கானிக்கிடம் தொலைபேசியில் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். இரண்டு மாதம் ஓடிற்று.

ஒரு மாலை அப்பா கேட்டார்: "எர்த்தைப் பாத்தியாடா?"

அவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கம்பமேறியவரிடம் நான் இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. வகுப்பில் 'புவியிணைப்பு' என்ற கலைச்சொல்லை விளக்கியிருக்கிறேன். ஆனால் வண்டியின் எர்த் புவியைத் தொடுவதே இல்லை. இடையில் இரண்டு ரப்பர் சக்கரங்கள். வண்டியின் உலோக உடம்பே அங்கு மண்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உறையிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒன்பதைக் காட்டியது. மோட்டாருக்குப் போக வேண்டிய அழுத்தமெல்லாம் அந்த இடைவெளியிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்குக் கீழே, சட்டகத்தின்மேல், நான் பூசிய வண்ணம்! விளக்கும் ரிலேயும் கேட்கும் சிறு மின்னோட்டம் மரையிடுக்கு வழியாக எப்படியோ நழுவிப் போய்விடுகிறது. ஸ்டார்ட்டர் பல பத்து ஆம்பியர் கேட்கும். அந்த இடுக்கு அதற்குப் போதாது.

உப்புத்தாளால் வண்ணத்தைச் சுரண்டினேன். வெள்ளை உலோகம் தெரிந்தது. கம்பியை இறுக்கி, எஞ்சின் உறைக்கு நேராக இன்னொரு தடித்த எர்த் கம்பியும் போட்டேன். கியர் நியூட்ரலில்தானா என்று அப்பா இருமுறை கேட்டார். பிறகு அவரே பொத்தானை அழுத்தினார்.

எஞ்சின் எழுந்தது. சிறிது நேரம் கேட்டுவிட்டு அணைத்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி அணைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் உள்ளே போய் மெக்கானிக்கின் எண்ணைத் தேடினேன்.