அளந்து பேசிய தலைமுறை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் விசா, மாத்திரை, ஊறுகாய், பருப்புப் பொடி என்று எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே யோசித்துவிடுகிறார்கள். போனைப் பற்றிய யோசனை மட்டும் விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் வருகிறது. மகன் எந்த வாசலில் நிற்கிறான் என்று தெரியாத பதற்றத்தில், கண்ணில் படும் முதல் கவுன்டரில் இருப்பதிலேயே பெரிய பேக்கை வாங்கிவிடுகிறார்கள். ஒரே டவர், ஒரே ஜிபி. ஊரிலேயே விசாரித்து வந்தவருக்கு ஒரு விலை, இறங்கிய பிறகு தேடுபவருக்கு ஒரு விலை, எதையும் கேட்காமல் ரோமிங்கைத் திறந்து வைத்தவருக்கு இன்னொரு விலை. நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் நம் பதற்றத்துக்கு.

நம்மூர் சிம்மோடு கோலாலம்பூரில் இறங்கினால் என்ன நடக்கிறது? அங்குள்ள நிறுவனம் தன் டவரை நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கான தொகையை நம் நிறுவனத்திடம் மொத்த விலையில் வாங்கிக்கொள்கிறது. நம் நிறுவனம் அதன்மேல் தன் லாபத்தை வைத்து நமக்குப் பில் போடுகிறது. அந்த மொத்த விலை எவ்வளவு என்று பயணிக்கு யாரும் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைச் சட்டமே வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. 2017 ஜூன் 15 முதல், ஒன்றிய நாடு ஒன்றின் சிம்மை வைத்திருப்பவர் மற்ற உறுப்பு நாடுகளிலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே பேசலாம், டேட்டாவும் பயன்படுத்தலாம் என்றார்கள். அதற்காக, நிறுவனங்கள் தங்களுக்குள் வசூலிக்கும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். தொடக்கத்தில் ஜிபிக்கு 7.70 யூரோ. 2022-இல் 2 யூரோ. 2027-இல் அது 1 யூரோவாக வேண்டும். தொழில்நுட்பம் மலிவானது உண்மைதான். ஆனால் கேட்பதற்கு ஆள் இருந்ததால்தான் அந்த மலிவு பயணியின் பை வரை வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவுக்குப் பேக்கேஜ் டூர் போகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரிஸில் வாங்கிய சிம் ரோமிலும் வேலை செய்யும். நடுவில் வரும் சுவிட்சர்லாந்து இந்த ஏற்பாட்டில் இல்லை. பனிமலையைப் பார்த்த சந்தோஷத்தில் ஊருக்கு வீடியோ கால் போடத் தோன்றும் இடமும் அதுதான். வாங்கும்போதே, “இந்த சிம் சுவிட்சர்லாந்தில் செல்லுமா?” என்று கேட்டுவிடுங்கள். ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனுக்கும் இதே கேள்வி.

என் வயதுக்காரர்கள் “இதெல்லாம் பசங்க சமாச்சாரம், நமக்குப் புரியாது” என்று ஒதுங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எஸ்டிடி பூத் வாசலில் காத்திருந்தவர்கள் நாம். ராத்திரி ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்று தெரிந்து, தூக்கத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்றோம். பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரில் ஒரு கண்ணை வைத்தபடி சொல்லி முடித்தோம். 1995-இல் செல்போன் வந்தபோது, வரும் அழைப்புக்கும் காசு. 2003-இல்தான் அது ஒழிந்தது. அதுவரை மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தினோம்: ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். 2016-இல் ஜியோ வந்தது, டேட்டா கொட்டியது, அளக்கும் பழக்கம் போய்விட்டது. பேக் இல்லாத ரோமிங்கில் போய் நின்றால், வரும் அழைப்புக்கும் காசு கொடுக்கும் பழைய காலத்துக்கே திரும்பிப் போகிறோம். அங்கே கைகொடுக்கப் போவது நம் பழைய கணக்குப் புத்திதான். பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி கிடையாது, பாவம்.

ஆகவே முதலில் தேவையை அளக்க வேண்டும். சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வீட்டில் வைஃபை உண்டு. வெளியே டேட்டா எதற்கு? எம்ஆர்டி ரயிலில் எங்கே இறங்குவது, சிராங்கூன் ரோட்டிலிருந்து எந்த பஸ், “கோயிலில் இருக்கிறேன், அரை மணியில் வருவேன்” என்று ஒரு செய்தி. எழுத்துச் செய்திக்கு ஆகும் டேட்டா கணக்கிலேயே வராது. வரைபடத்துக்கும் கொஞ்சம்தான். அதையும் வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வழி காட்டும். தின்பது வீடியோதான். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 3 ஜிபி வரை கரைந்துவிடும். அங்கே தேக்கா பகுதியில் சிம் விற்கும் பையன் நூறு ஜிபி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த அட்டையை எடுத்து நீட்டி, “இது நல்லா ஓடும் அங்கிள்” என்பான். நன்றாகத்தான் ஓடும். அவ்வளவையும் ஓட்டிவிட நமக்கு அங்கே என்ன வேலை?

நாம் பார்க்காமலே செலவாகும் டேட்டா தனிக் கதை. எடுத்த படங்களை போன் தானாக மேலே ஏற்றும். செயலிகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்க வீடியோக்கள் திறந்துவிட்ட குழாய் மாதிரி வந்து விழும். வாட்ஸ்அப் செட்டிங்கில், ரோமிங்கில் இருக்கும்போது படமோ வீடியோவோ தானாக இறங்கக் கூடாது என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள்.

இனி ஓடிபி. வெளியூர் சிம் போட்டதும் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு பேங்க் ஓடிபி வராது. இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டும் உள்ளேயே இருக்கட்டும். டேட்டா உள்ளூர் சிம்மில் ஓடட்டும். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே கேட்டுத் திறந்து வைத்திருந்தால், வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. திரும்பி வரும் நாள் வரை ரீசார்ஜ் செல்லுபடியாகுமா என்பதையும் பாருங்கள். நடுவில் அது முடிந்துபோனால் ஓடிபியும் நின்றுபோகும். புது சிம்மைப் போட்டவுடன் வாட்ஸ்அப் “எண்ணை மாற்றவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து ஓடும்.

இ-சிம் ஏற்கும் போன் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஊரிலேயே வைஃபையில் கியூஆர் கோடைப் பதிந்துகொண்டு, அங்கே இறங்கியதும் இயக்கினால் போதும். விலையையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். பயணிகளுக்கான பல இ-சிம்களில் டேட்டா மட்டும்தான் இருக்கும், தொலைபேசி எண் இருக்காது. பாதி வழியில் அதை அழித்துவிட்டால் அதே கோடை மறுபடி பதிய முடியாமல் போகலாம். துபாய் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே எவ்வளவு டேட்டா வாங்கினாலும் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது.

எல்லைகளில் போன் நம்மைவிட அவசரக்காரன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு கிலோமீட்டர் பாலம். ஜொகூர் கரையில் நீங்கள் நிற்கும்போதே போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், கையால் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். கப்பல் உல்லாசப் பயணம் இன்னும் மோசம். நடுக்கடலில் கப்பலே செயற்கைக்கோள் வழியாக ஒரு நெட்வொர்க் வைத்திருக்கும். தரையில் வாங்கிய பேக் அதற்குப் பெரும்பாலும் செல்லாது, கட்டணமோ தலைசுற்றும். ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள்.

தம்பதியாகப் போகிறவர்கள் மிச்சம் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஒரே சிம், கணவர் போனில் ஹாட்ஸ்பாட், மனைவி அதில் இணைந்துகொள்வது. காகிதத்தில் கணக்கு சரியாகவே வரும். ஆனால் ஹாட்ஸ்பாட் எட்டும் தூரம் கொஞ்சம்தான். சிங்கப்பூரின் முஸ்தபா சென்டர் கடையில் அம்மையார் நகை மாடிக்குப் போக, ஐயா பெட்டி வாங்கும் மாடியில் நிற்பார். இருவருக்கும் நடுவே மாடிகளும் ஆயிரம் பேரும். டேட்டா முழுக்க ஐயாவிடம், பணம் முழுக்க அம்மையாரிடம். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காமல் இரண்டு சிம்மாக வாங்கிவிடுங்கள்.