திரையில் இல்லாத பெயர்

நண்பரொருவர் தந்த படநூலொன்றை அண்மையில் வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். ஆர்மீனியத் தேவாலயங்களிலே பலிபீடத்தின் முன் தொங்கும் அச்சுத் திரைகளின் படங்கள் அதில் இருந்தன. பெருந் தவக்காலத்திலே திரையால் பலிபீடத்தை மறைத்து வைப்பது அத்திருச்சபையின் வழக்கம்.

அனதோலியாவின் தொக்காத் நகரம் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அச்சுத் துணிக்குப் பேர்பெற்றிருந்தது. அங்கு வாழ்ந்த ஆர்மீனியக் கைவினைஞர் மரக்கட்டையில் உருவைச் செதுக்கிச் சாயந்தோய்த்துப் பருத்தித் துணியில் ஒற்றினர். சிலுவைக் காட்சியும் புனிதர்களும் பூங்கொடிகளும் அதிலே எழுந்தன. ஓரத்திலே காணிக்கையாளரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன.

ஜெருசலேமுக்கு யாத்திரை சென்று மீண்டவர் 'மஹ்தெசி' என்னும் பட்டத்தைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டனர். பலர் கையிலே பச்சையும் குத்திக்கொண்டனர். அதற்கான உருவையும் முதலில் மரக்கட்டையாலேயே தோலில் ஒற்றினர். யாத்திரிகர் சுமந்துவந்த காணிக்கைகளால் அந்நகரத்துப் புனித யாக்கோபு மடம் செழித்தது. இவ்வாறு அவர்தம் பக்தியை வியந்து அரைமணி நேரம் பேசினோம்.

அப்போது ஒரு மாணவி எழுந்து, "சேர், துணி கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. அச்சடித்தவரின் பெயர் எங்கே?" என்று கேட்டாள்.

படங்களை மீண்டும் புரட்டினோம். எங்கும் இல்லை. உழைப்பைப் பற்றி மேடைகளிலே முழங்கும் நமக்கு, அந்தக் கேள்வி தோன்றாமற் போனதே என்று நாணினோம்.

அன்றிரவு அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. ஆர்மீனிய வணிகர் சென்னையிலும் வாழ்ந்தனர். பரங்கிமலை யாத்திரிகருக்காக 1726இல் அடையாற்றின் மீது பாலம் அமைத்தவரும் அவர்களுள் ஒருவரே. அவர்கள் வழியாகச் சோழமண்டலக் கரையிலும் இத்தகைய திரைகள் உருவாயின. அக்கரையின் செந்நிறத்துக்குப் புகழ் தந்தது சாயவேர். ஒல்லாந்தர் ஆட்சியிலே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வேரைக் கட்டாய ஊழியமாகத் தோண்டியவர் நம் மண்ணின் ஏழை மக்கள். அவர்களின் பெயரை எந்தத் துணி தாங்கி நிற்கிறது?

தொக்காத்தின் கைவினைஞருக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. 1915இல் அந்நகரத்து ஆர்மீனியர் வேரோடு பெயர்க்கப்பட்டனர், எண்ணற்றோர் கொல்லப்பட்டனர். பெயர் மட்டுமன்று, பெயருக்குரிய மக்களே அங்கு இல்லாமற் போயினர். அவர்தம் கை ஒற்றிய பூக்கள் மட்டும் தொலைதூரத்துக் கோவில்களிலே மங்காமல் இருக்கின்றன.

மறுநாட் காலை கரும்பலகையில் 'காணிக்கை' என்றிருந்த பாடத் தலைப்பை அழித்து, 'கைகள்' என்று எழுதினோம். பிறகு அம்மாணவியையே முதலிற் பேச அழைத்தோம்.