அளவெடுத்துச் செய்த சட்டகம்



பெருநாளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் நம் தோளையும் கையையும் அளந்து குறித்துக்கொள்கிறார். மூக்குக் கண்ணாடி வாங்கப் போனால் இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தைக்கூட அளக்கிறார்கள். ஆனால் நாள்தோறும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நம் முழங்காலையும் முதுகையும் ஒப்படைத்து ஓட்டுகின்ற மிதிவண்டியை மட்டும், கடையில் தொங்குகின்றவற்றுள் நிறம் பிடித்ததை இறக்கச் சொல்லி வாங்கி வந்து விடுகிறோம். மனிதருக்கு ஏற்ப வண்டியைச் செய்ய இயலுமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

நான் வாழும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைத் தாங்கள் அறிந்திருக்கலாம். 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்பீல்டின் புதிய தொழிற்சாலையும் அங்கே இயங்கத் தொடங்கின. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்பி விடுகின்ற ஊர் இது. இந்தத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் இரும்புக் குழாய்களை வெட்டுவதும் வளைப்பதும் பற்ற வைப்பதுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆகவே, என் மகளின் மிதிவண்டிச் சட்டகத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்செழுந்தபோது அந்தப் பேச்சில் எனக்கும் கொஞ்சம் உரிமை இருந்தது.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணி செய்கிறாள். உயரம் 148 செ.மீ. ஓய்வு நாட்களில் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுவது அவள் வழக்கம். ‘பிரவே’ என்று ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டில் தோன்றிய இம்முறையில் 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்திற்குள் கடக்க வேண்டும். இது பந்தயமன்று, முதலிடமும் கிடையாது, பரிசும் கிடையாது. நேரத்திற்குள் முடித்தோர் பட்டியலில் பெயர் இருக்கும், அவ்வளவே. அதில் இரண்டு முறை 150 கி.மீ.யைத் தாண்டியதும் முழங்கால் வலி தாளாமல் இறங்கிவிட்டாள். மருத்துவரிடம் காட்டினோம். “சைக்கிளை நிறுத்திவிடும்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டிற்கு வந்ததும் அவள் கேட்டாள்: “அத்தா, சைக்கிள் ஓட்டுவதை நிறுத்த வேண்டுமா, இந்தச் சைக்கிளை மட்டும் நிறுத்தினால் போதுமா?”

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் அவளுடைய வண்டியை அளக்க உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் பெயர் பொறித்த அலுமினிய வண்டி அது. அந்த ரகத்தில் ஆகச் சிறிய அளவென்று சொல்லித் தந்திருந்தார்கள். சிறியதுதான், ஆனால் எதனால் சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் ஒரே அளவுச் சக்கரத்தைத்தான் போடுகிறார்கள். டயர் விளிம்பு அமரும் வட்டம் 622 மி.மீ. சட்டகம் மட்டும் சுருங்கிச் சக்கரம் சுருங்காவிட்டால், வளைவில் திரும்பும்போது பெடலில் இருக்கும் காலின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்ப்பதற்காக முன் போர்க்கைச் சாய்த்துச் சக்கரத்தை முன்னே தள்ளுகிறார்கள். மேல் குழாயின் நீளத்தைக் காகிதத்தில் குறைத்துக் காட்டுவதற்காகச் சீட்டுக் குழாயைச் செங்குத்தாக நிமிர்த்துகிறார்கள். 73 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 75, 76 என்று ஆகிறது. விளைவு என்ன? அமர்பவரின் முழங்கால் பெடலுக்கு முன்னே போய்விடுகிறது. சீட்டைப் பின்னால் இழுத்துச் சரி செய்தாலோ, கைப்பிடி பழையபடி எட்டாத தூரத்திற்குப் போய்விடும்! பெடல் கிராங்கின் நீளமும் அப்படியே. அவளுக்கு வாய்த்தது 170 மி.மீ.; ஐந்தே முக்கால் அடி மனிதருக்கும் அதுதான்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்னும் இயந்திரப் பொறியாளர் இதே சிக்கலைக் கண்டு, பெண்களின் உடலமைப்புக்கேற்ற சட்டகங்களைத் தம் கையாலேயே பற்ற வைத்துச் செய்யத் தொடங்கினார். 1985இல் அதற்கென ஒரு நிறுவனத்தையும் நிறுவினார். பின்சக்கரத்தை வழக்கமான அளவில் வைத்து, முன்சக்கரத்தை மட்டும் சிறியதாக்கியது அவர் கண்ட வழி. பார்ப்பதற்குச் சற்று வேடிக்கையாக இருக்கும்; ஓட்டியவர்கள் சிரிக்கவில்லை.

ஆகவே, அளவெடுத்துச் செய்வதென்று முடிவாயிற்று. அளவெடுத்துச் செய்வதென்றால் இரும்புதான். ‘இந்தக் காலத்தில் இரும்பா?’ என்று தாங்கள் வியக்கக் கூடும். கார்பன் சட்டகத்திற்கு அச்சு வேண்டும். ஒருவருக்காக ஓர் அச்சு என்றால் செலவு கட்டுப்படியாகாது. இரும்புக் குழாயோ வெட்டிய அளவிற்கு வரும், வைத்த கோணத்தில் நிற்கும். அடிபட்டால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்ற வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தை அப்படிப் பற்ற வைத்தால் அந்த இடம் வலுவிழக்கும். மீண்டும் சூளையில் வைத்துப் பதப்படுத்தியாக வேண்டும். எந்த உருக்காயினும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதையும் பலர் அறியார். விலையுயர்ந்த கலப்பு உருக்கில் மிகுதியாக இருப்பது வலு. அந்த வலுவினால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம்; எடை குறைகிறது. பற்ற வைக்கும் இரு முனைகளிலும் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாயை இழுக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் குடும்பத்தார் 1897இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். 1935இல் வந்த அவர்களுடைய ‘531’ குழாய் உலகெங்கும் பெயர் பெற்றது. 1995இல் வந்த ‘853’ என்பது பற்ற வைத்து ஆறும்போது வலு கூடுகின்ற உருக்கு!

இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928இல் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் முருகப்பா குழுமத்தார் கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் மிதிவண்டித் தொழிற்சாலை. நம் பாட்டனாரும் தந்தையாரும் ஓட்டிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்து வந்தவை. 1955இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் எழுந்தது. அந்தப் பழைய வண்டிகள் கனமானவை, உண்மைதான். மூன்று மூட்டை ஏற்றினாலும் முனகாத வண்டிக்கும், ஒரு பெண் தன் உடலை மட்டும் சுமந்து 200 கி.மீ. போகும் வண்டிக்கும் ஒரே சட்டகம் எப்படிப் பொருந்தும்?

வாசகர்களே, இதுவரை சொன்னவை எளிய பகுதி. வீட்டில் நடந்தது வேறு.

மகள் தன் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்த பணத்தை என் துணைவியார் இரண்டு வளையல்களாகத் தம் மனத்தில் எப்போதோ மாற்றி வைத்திருந்தார். “இந்தப் பணத்துக்கு ஸ்கூட்டரே வாங்கலாமே! இன்ஜினும் இல்லாத வண்டிக்கு இவ்வளவா? அதுவும் வெறும் கூட்டுக்கு மட்டும்! கல்யாணம் பேசி வருபவர்கள் கேட்டால் என்ன சொல்வது?” என்றார். மகள் குரலை உயர்த்தவில்லை. “அம்மா, வளையலை நான் பீரோவில் வைப்பேன். முழங்காலை எங்கே வைப்பது?” என்றாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. நான் இடையில் புகவில்லை. அவள் உழைத்த பணம் அவளுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தாயின் கவலையையும் அற்பமென்று ஒதுக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் துணைவியார் சம்மதம் என்று சொல்லவில்லை. நிபந்தனை என்று சொன்னார். ஒன்று, உடை. மகள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்ந்த மேலாடையும் தலைத்துணியும் அணிந்துதான் ஓட்டுகிறாள்; தலைக்கவசம் அதன் மேல். நடுவிலே உயரக் குறுக்குக் குழாய் ஓடும் சட்டகத்தில் அந்த மேலாடை சிக்குகிறது என்பது தாயின் கண்ணில் முன்பே பட்டிருக்கிறது. மற்றொன்று, விளக்கு, அதற்குப் பின்னர் வருகிறேன்.

பெண்கள் வண்டியென்றால் குறுக்குக் குழாயே இருக்கலாகாது என்பது வழக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினார்கள். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். பெண்கள் வண்டி கிடைக்காமல் ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பினார்களாம், குழந்தையை அந்தக் குறுக்குக் குழாயில் உட்கார வைக்கலாமே என்று! அந்தக் குழாயை அடியோடு நீக்கினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். நீக்கிய வலுவைக் கனத்தால் ஈடு கட்ட வேண்டிவரும். முக்கோணம்தான் சட்டகத்தின் உயிர். ஆகவே குழாயை நீக்காமல், கைப்பிடியிலிருந்து பின்புறமாக நன்றாகச் சரித்து இறக்கி, சீட்டுக் குழாயின் நடுப்பகுதியில் சேர்ப்பது என்று வரைந்தோம். அங்கிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் பின்சக்கர அச்சு வரை செல்லும். கடையில் இப்படிக் கேட்டால் கிடைக்காது. அளவெடுத்துச் செய்பவரிடம் இது ஒரு கோடு மாறுவதுதான்.

நம் நாட்டில் கையால் இரும்புச் சட்டகம் செய்வோர் மிகச் சிலரே. வெளி மாநிலத்தில் ஒருவரைக் கண்டடைந்தோம். அவர் கேட்ட அளவுகளைத் தாங்களும் வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே முட்டும் வரை உயர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். மகளுக்கு 66 செ.மீ. வந்தது. இதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரையுள்ள உயரம் ஏறத்தாழக் கிடைக்கும், 58 செ.மீ. சொச்சம். இது தொடக்கக் கணக்குதான். பிறகு கையின் நீளம், உடற்பகுதியின் நீளம், தோளகலம். கிராங்க் 155 மி.மீ. என்று தீர்மானித்தோம். கால் சுற்றும் வட்டத்தின் விட்டம் இதனாலேயே 3 செ.மீ. குறைந்துவிட்டது; முழங்கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை.

சக்கரம் 26 அங்குலம். காலிடிக்கும் சிக்கலில் ஏறத்தாழ 2 செ.மீ. இடம் இதனால் கிடைத்தது. தவிரவும் நம்மூரில் எந்தக் கடையிலும் டயர் கிடைக்கும் அளவு அது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கடைக்காரர் ‘இருபத்தாறு’ என்று சொல்வது ஓர் அளவன்று. மலைவண்டியின் 26க்கு விளிம்பு வட்டம் 559 மி.மீ.; பழைய பெண்கள் வண்டியின் 26க்கு 590. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் இந்த எண் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

குழாயின் தடிப்பில் எனக்கும் செய்பவருக்கும் நெடிய வாதம். குரோம்-மாலி உருக்கு என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. முனையில் 0.8, நடுவில் 0.5 மி.மீ. என்றார் அவர். தபால் அட்டை இரண்டை ஒட்டிய தடிப்பு! வாகன உதிரிபாகப் பட்டறையில் வளர்ந்த கைக்கு அது நடுங்கத்தான் செய்யும். “நாற்பத்தேழு கிலோ பெண்ணுக்குத் தடித்த குழாய் போட்டால் பாறையில் உட்கார்ந்து போவது போலிருக்கும்; குழாய் சற்று நெளிந்து கொடுக்க வேண்டும்” என்றார். ஓட்டப் போகிறவள் அவர் பக்கம் நின்றாள். இணைப்புகளைப் பித்தளையால் பற்ற வைத்து அரத்தால் இழைத்திருந்த நேர்த்தியைப் பின்னர் கண்டபோது, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். இணைப்பு எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை.

இரும்பிற்குப் பகை துரு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. வடகிழக்குப் பருவமழையில் ஓட்டினால் நீர் சீட்டுக் குழாய் வழியே உள்ளே இறங்கும். பெடல் அச்சுப் பெட்டியின் அடியில் ஒரு சிறு வடிதுளை கேட்டு வாங்குங்கள். குழாய்களின் உட்புறம் ஆளி விதை எண்ணெய் ஊற்றி உருட்டிக் காயவிட்டால் அது படலமாக நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை சீட்டுத் தண்டைக் கழற்றிக் கிரீஸ் தடவுங்கள். இல்லையேல் அது உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

நான்கு மாதத்தில் சட்டகம் வந்தது. முதல் இரு வாரம் புதிய இருப்புக்கு உடல் பழகவில்லை. வலி முற்றிலும் போய்விட்டதென்று சொன்னால் அது பொய். நீண்ட ஏற்றத்திற்குப் பிறகு இன்றும் இடது முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறாள். ஆனால் கடந்த தை மாதம் 200 கி.மீ.யை நேரத்திற்குள் முடித்து, தானே மிதித்து வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற துணைவியார் தூரத்தைக் கேட்கவில்லை. மேலாடையின் ஓரத்தில் கறுப்புக் கறை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

விளக்கு நிபந்தனையைச் சொல்கிறேன் என்றேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் விடியுமுன்பே கண்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்துவிடும். சுபுஹு தொழுகை முடித்துக் கிளம்புகிறவளை அந்த ஓட்டுநர்கள் காண வேண்டுமே! எவ்வளவு பொருத்தமாகச் செய்த சட்டகமும் லாரியைத் தடுக்காது. எனவே பின்பக்கக் குழாயில் ஒன்றும் சீட்டுக் குழாயில் ஒன்றுமாக, இரண்டு விளக்குத் தாங்கிகளைச் சட்டகத்தோடே பற்ற வைத்துத் தரச் சொன்னார் துணைவியார். “ஒன்று அணைந்தால் ஒன்று எரியட்டும்” என்றார். இரண்டாவதற்குச் செய்தவர் காசு கேட்கவில்லை. இரண்டும் எரிகின்றனவா என்று பார்த்த பிறகே அவர் கதவைச் சாத்துகிறார்.